மேலே ஆங்கிலம், கீழே சீனம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து கடைக்கு வந்தது எல்லாமே நீளம் குறைக்க வந்த பேண்ட்கள்தான். இந்த ஊரில் கால் நீளமானவர்களே கிடையாதா என்று தோன்றியது. மதியம் கடையைப் பூட்டிவிட்டு இவரைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பயிற்சி தருகிற பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. ஆனால் பொறுமை அப்படி ஒரு பொறுமை. வாரத்தின் நாட்களைச் சொல்ல வைக்கப் பார்த்தாள். அவள் "ஞாயிறு" என்று எடுத்துக் கொடுத்தால் இவர் அவள் வாயையே பார்க்கிறார். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. லிஃப்ட் போகிற சத்தத்தைக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற மனிதர், "திங்கள்" என்ற ஒரு சொல்லைத் தேடி வேர்த்து விறுவிறுத்துப் போகிறார். ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து இதே கதைதான். வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகின்றன. பேச்சு மட்டும் போன இடம் தெரியவில்லை.

"நான் சொல்றதெல்லாம் இவருக்குப் புரியுதா?" என்று கேட்டேன்.

"நல்லாப் புரியுது ஆன்ட்டி. வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு" என்றாள்.

புரிகிறது என்பதே பெரிய விஷயம். இனி இவர் எதிரில் இவரைப் பற்றி மகளிடம் போனில் புலம்பக் கூடாது.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு வேன் டிரைவர் தானாக வந்து சக்கர நாற்காலியை மடித்து எடுத்து வந்தார். இத்தனை நாளாக அவர் வேனை வாசலில் குறுக்கே நிறுத்துகிறார் என்று நான் மூக்கால் அழுதுகொண்டிருந்தேன். இனி எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளட்டும்.

மார்ச் 7, வெள்ளி

இன்று அந்தப் பெண் புதிதாக ஒன்றை முயன்றாள். பழமொழிகள். முன்பாதியை அவள் சொல்வாள், பின்பாதியை இவர் முடிக்க வேண்டும். வாய்ப்பாடு மாதிரி மனதில் ஊறிப்போன வரிகளுக்கு வேறு வழி இருக்கிறதாம். பேச்சு முழுதாகப் போனவர்களுக்குக்கூடச் சில நேரம் அது மட்டும் வருமாம்.

தமிழில் சொல்லிப் பார்த்தாள். ஒன்றுக்கும் அசையவில்லை. வேலை செய்த இடத்தில் ஆங்கிலம்தான் என்று நான் சொன்னேன். உடனே ஆங்கிலப் பழமொழிகளை எடுத்தாள்.

இவர் வாயைத் திறந்தார்! சத்தம் வந்தது! ஏற்ற இறக்கத்தோடு, நாலைந்து அசை. அடுத்ததற்கும் வந்தது, வேறு மாதிரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வந்தது ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. ஏதோ எழுதினாள்.

எட்டிப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. "பொருளற்ற ஒலி."

மார்ச் 8

பொருளற்ற ஒலியாம். இருக்கட்டும். ஒலி வந்ததே, அதற்கே நன்றி.

மார்ச் 14, வெள்ளி

பெரிய டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். 28ஆம் தேதி மறுபரிசோதனை. அதற்குள் முன்னேற்றம் ஏதாவது தெரிந்தால் பயிற்சி தொடரும். இல்லையென்றால் இந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், காத்திருப்பவர்கள் நிறையப் பேர். கோபப்படுவதற்கு ஒன்றும் இல்லை. நியாயமாகத்தான் பேசினார். நியாயமாகப் பேசியதுதான் பயமாக இருந்தது.

அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். "பொருளே இல்லாத சத்தம்னா என்னம்மா அர்த்தம்? மூளை போயிடுச்சா?"

"அப்படி இல்ல ஆன்ட்டி. சொல்ல நினைக்கிறார். வர்றது வேற ஏதோ வருது. அவர் சொல்றார்னு அவரே நினைச்சுக்கறார்."

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றேன். என்ன செய்வேன்? இனிமேல் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் பேசணுமா? நானே கேட்டு நானே பதில் சொல்லி... எனக்கு வாய் ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசற அளவுக்கு இல்லை சாமி.

மகள் வீடியோவில் வந்தாள். அவளிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். இவர் பக்கத்திலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பேச்சு இல்லாவிட்டாலும் பொய்யைப் பிடித்துவிடுகிறார்.

மார்ச் 16, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

மேல்மாடி வந்தார். இவரோடு வேலை பார்த்த சீனர். லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போவார்கள்: ஒருவர் உச்சியில் மெஷின் அறையில், ஒருவர் அடியில், லிஃப்ட் வந்து நிற்கிற குழியில். அவர் எப்போதும் மேலே, அதனால் மேல்மாடி. அந்தப் பெயரை வைத்தது இவர். அதில் இருக்கிற கிண்டல் அவருக்குப் புரிய வெகுநாளாயிற்று, புரிந்த பிறகும் அதே பெயர்தான். வெளிநாட்டில் மகன் வீட்டில் இருந்துவிட்டு இன்று காலைதான் திரும்பினாராம். விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே இங்கே.

எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது. சத்தம் அதிகம். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் இவர் குழியிலிருந்து கற்றுக்கொடுத்தது, அதனால் எல்லாம் கட்டளைதான். "அண்ணி, கதவைத் திற! அண்ணி, டீ போடு!" மரியாதை என்கிற பகுதியை இவர் கற்றுக்கொடுக்கவே இல்லை.

வாசலில் நின்றபடியே உள்ளே நாற்காலியில் இருந்த இவரைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. அதை மறைக்கவோ என்னவோ, பெட்டியைக் கீழே வைக்காமலே, ஆங்கிலத்தில் ஒரு பழமொழியை உரக்கக் கத்தினார். நாலு மாடிக்கும் கேட்டிருக்கும்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே சத்தம். ஏற்ற இறக்கத்தோடு, நாலைந்து அசை.

"பாருங்க, இப்படித்தான் ஏதோ..." என்று நான் ஆரம்பித்தேன்.

மேல்மாடி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். இன்னொன்றைக் கத்தினார். இவர் பதில் தந்தார். இன்னொன்று. பதில். பெட்டி கையிலிருந்து விழுந்தது. மனிதர் செருப்புகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, அது சத்தம் இல்லை. சீனம்! கொஞ்சம் குழறுது. ஆனா சரி. எல்லாம் சரி!"

பிறகு சொன்னார். கம்பெனிச் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்குமாம். தினமும் கிழிக்கிற தாள். மேலே ஒரு ஆங்கிலப் பழமொழி, கீழே அதற்கு இணையான சீனப் பழமொழி. இவருக்குச் சீனம் கற்க ஆசை, அவருக்கு ஆங்கிலம் கற்க ஆசை. லிஃப்டை இயக்குவதற்கு முன்னால் மேலே இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும், கீழே இருப்பவர் பதில் தர வேண்டும். பதில் வராமல் லிஃப்டை நகர்த்தக் கூடாது. மற்றவர்கள் "சரியா?" "சரி" என்று முடித்துக்கொள்வார்கள். இவர்கள் இருவரும் அதற்குப் பதிலாக இந்த ஜோடிகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மேலேயிருந்து ஆங்கிலம், கீழேயிருந்து சீனம். இருபது வருஷமாக.

இவர் வேலையைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டு வருகிற ஆள். எனக்கு இதில் ஒரு வார்த்தை தெரியாது.

வயிற்றில் பால் வார்த்தாய் மேல்மாடி. உனக்கு எத்தனை டீ வேண்டும், சொல்.

மார்ச் 18, செவ்வாய்

மேல்மாடியையும் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல இவர் பதில் தந்தார், மேல்மாடி கிரிக்கெட் நடுவர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் விரலைத் தூக்கினார். அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தாள். பழைய குறிப்பை அங்கேயே அடித்துவிட்டு, "தப்பா எழுதிட்டேன் அங்கிள், மன்னிச்சுக்கோங்க. என் காதுக்குத்தான் பொருள் தெரியல" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த முகத்தில் கொஞ்சம் திமிர் பார்த்தேன். கண் நிறைந்தது.

மார்ச் 28

பயிற்சி தொடரும்! பெரிய டாக்டரே நாலு பழமொழி கேட்டுப் பார்த்தார். நாலுக்கும் பதில். டாக்டருக்கு, பயிற்சிப் பெண்ணுக்கு, மேல்மாடிக்கு, அந்த நாள்காட்டியை அச்சடித்த முகம் தெரியாத மனிதருக்கு — எல்லாருக்கும் நன்றி.

ஏப்ரல் 6, ஞாயிறு

சந்தோஷமெல்லாம் சரி. ஒன்றை இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இவ்வளவு வருஷம் கூடவே இருந்து, சண்டை போட்டு, சமாதானமாகி, காய்ச்சலுக்குக் கஷாயமும் கோபத்துக்கு மௌனமும் கொடுத்தவள் நான். திரும்பி வந்த முதல் பேச்சு மேல்மாடிக்கு! அதுவும் சீனத்தில்! என்னிடம் ஒன்றும் இல்லை. நான் ஏதாவது கேட்டால் கையைக் காட்டுகிறார், கண்ணைக் காட்டுகிறார். மேல்மாடி வந்து கத்தினால் கணீரென்று பதில்.

பயிற்சிப் பெண்ணிடம் கேட்டேன். அவள் பக்குவமாகத்தான் சொன்னாள். "மனப்பாடமா இருக்கிறது வேற ஆன்ட்டி, சொந்தமா ஒரு வாக்கியம் கட்டறது வேற. இது வந்தா அது வரும்னு சொல்ல முடியாது. ஆனா கதவு திறந்திருக்கு. அவருக்கு எது வருதோ அதுலயே நீங்களும் சேர்ந்துக்கோங்க."

ரெடிமேட் சட்டைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம். எனக்கா தெரியாது?

சரி. சேர்ந்துகொள்கிறேன். இந்த வயதில் சீனம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மேல்மாடி வாத்தியார் வேலையை ரொம்ப ரசித்துச் செய்கிறார். "அண்ணி, வாயைத் திற! மறுபடி சொல்! தப்பு! மறுபடி!" துணி வெட்டப் பயன்படுத்துகிற பழுப்புத் தாளில் சீனப் பழமொழிகளின் உச்சரிப்பைத் தமிழில் எழுதி, தையல் மெஷினுக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். தமிழ் எழுத்தில் அடங்காத சத்தம் வரும்போது மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எனக்கே அப்புறம் படிக்க முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால் இவை மொழிபெயர்ப்பே இல்லை. சும்மா ஜோடி. ஆங்கிலத்தில் பறவை வந்தால் சீனத்தில் வேறு ஏதோ வருகிறது. ஆங்கிலத்தில் சமையல்காரர்கள் வருகிற இடத்தில் சீனத்தில் துறவிகள் தண்ணீர் இல்லாமல் நிற்கிறார்கள். பிரிந்துபோனவரை மறந்துவிடுவதைப் பற்றிய ஜோடியில் ஆங்கிலத்துக்குக் கண், சீனத்துக்குத் தேநீர். ஒரு ஜோடியைப் பார்த்து எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஓரிடத்தில் நிலைக்காமல் சுற்றுகிறவனை ஆங்கிலம் திட்டுகிறது. அதற்கு ஜோடி என்று போட்டிருக்கும் சீனம் அதே ஆளைப் பாராட்டுகிறது.

"இது எப்படிங்க ஜோடியாகும்? ஒண்ணு திட்டுது, ஒண்ணு கொஞ்சுது" என்று கேட்டேன்.

"கம்பெனி நாள்காட்டி அண்ணி. இலவசம். என்ன எதிர்பார்க்கிற?" என்றார்.

இவர் சிரித்தார். வாய்விட்டு, சத்தமாக. வாய் ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. இருக்கட்டும்.

மே 3

கடைக்கு வந்த ஒரு பெண், ஜிப் மாற்றக் கொடுத்த கவுனை வாங்கிக்கொண்டு, "ஏதாவது மந்திரம் சொல்றீங்களா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மே 22, வியாழன்

இப்போது வீட்டிலேயே நடத்துகிறோம். நான் சமையலறையிலிருந்து ஆங்கிலத்தைச் சொன்னால் இவர் முன்னறையிலிருந்து சீனத்தைச் சொல்கிறார். காய் நறுக்கும்போது ஒன்று, பாத்திரம் துலக்கும்போது ஒன்று. எதையும் சொல்லிக்கொள்ளவில்லைதான். ஆனால் குரல் கொடுத்தால் குரல் வருகிறது. இந்த நாலு சுவருக்குள் இரண்டு குரல் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இல்லாமல் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கைத்தடியோடு குளியலறைவரை தானாகப் போய் வருகிறார். சக்கர நாற்காலி மூலையில் துணி காயப் போட உதவுகிறது.

ஜூன் 17, செவ்வாய்

பயிற்சிப் பெண் ஆட்டத்தை மாற்றச் சொன்னாள். இனி இவர் ஆங்கிலத்தில் ஆரம்பிக்க வேண்டும், நான் சீனத்தில் பதில் சொல்ல வேண்டும். ஆரம்பிப்பது கடினமாம், அதனாலேயே நல்லதாம். முதல் சொல்லுக்கு இவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கடைசியில் வந்துவிட்டது.

ஜூலை 5, சனி

இன்று கத்திவிட்டேன்.

எனக்கு ஒரே தலைவலி. கடையில் ஒருத்தி நான் தைத்துக் கொடுத்ததைப் பிரித்துக் கொண்டுவந்து சண்டை போட்டாள். வீட்டுக்கு வந்து இவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். முன்பென்றால் இவர் ஏதாவது சொல்வார். "அவ கிடக்கறா" என்பார், இல்லையென்றால் "தப்பு உன்மேலதான்" என்பார். எனக்கு அதுகூடப் போதும். இவர் ரொம்ப நேரம் தேடி, கஷ்டப்பட்டு, பொறுமையைப் பற்றி ஒரு ஆங்கிலப் பழமொழியைச் சொன்னார்.

"ஊருல இருக்கிறவன் சொல்லி வச்சதையெல்லாம் சொல்றீங்களே! நீங்க என்ன சொல்றீங்க? உங்ககிட்டதானே கேட்டேன்! உங்களுக்குன்னு சொல்ல ஒண்ணுமே இல்லையா எங்கிட்ட?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 6

காலையில் டீயோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது கையால் என் தலையை இரண்டு தட்டுத் தட்டினார், குழந்தையைத் தட்டுவதுபோல. எனக்குக் கிடைத்த ஆள் தங்கம். தங்கத்துக்கும் வாய் இருந்திருக்கலாம் என்று நான் ஆசைப்படுவது தப்பா?

ஜூலை 29

தினமும் பத்துப் பன்னிரண்டு ஜோடி. புதிதாக எதுவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறோம். பயிற்சிப் பெண் ஒரு நாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. அவளைப் பெற்றவர்கள் நன்றாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

மதியம் அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒருவருடைய கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல், கண் தெரியவில்லை. இவர் முன்னறையில் இருந்தார். அங்கிருந்து ஆங்கிலத்தில் ஒன்றைச் சொன்னார். சமையல்காரர்கள் வருகிற பழமொழி. நான் பட்டனிலிருந்து கண்ணை எடுக்காமலே சீனத்தைச் சொன்னேன். துறவிகளைச் சொல்வதற்குப் பதில் தேநீரைச் சொல்லிவிட்டேன். மாற்றிச் சொன்னேன் என்பதுகூட எனக்குத் தெரியாது.

அடுத்த பட்டனை எடுத்தேன்.

பிறகு நாற்காலி உருண்டு விழுகிற சத்தம். என்னவோ ஏதோ என்று நான் எழுந்திருப்பதற்குள் இவர் சமையலறை வாசலில் நின்றார். கையில் தடி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்க்காமல் நேரே அடுப்புக்குப் போய் அணைத்தார். சுவரில் இருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டி அணைத்தார் — விளக்கு, மின்விசிறி, எல்லாம். அப்புறம் என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் விரலாக. வாய் கோணிக்கொண்டு எதையோ தேடியது.

"எங்க... அடி... எங்க?"

"எங்கயும் அடிபடலைங்க. எனக்கு ஒண்ணும் இல்லை. என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று நான் பதறினேன்.

"ஒண்ணும்... இல்லையா?"

"இல்லைங்க."

அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துகொண்டார். நானும் உட்கார்ந்தேன். மூச்சு இரைத்தது இருவருக்கும். அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவர் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார். நான் பதில் சொல்லியிருக்கிறேன். தமிழில்.

அழுகை வந்தது. நான் அழுவதைப் பார்த்ததும் மறுபடி என் கைகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேல்மாடி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். எப்போதும் பாதியிலேயே சிரிக்கிற ஆள், இன்று சிரிக்கவில்லை. எந்த ஆங்கிலத்துக்கு எந்தச் சீனத்தைச் சொன்னேன் என்று கேட்டார். சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

ஒரு முறை இவர் குழியில் இருந்தபோது சட்டைக்கை லிஃப்டை இழுக்கிற கம்பியில் சிக்கிக்கொண்டதாம். "நிறுத்து" என்று கத்த வேண்டும் என்பது தெரிகிறது, வாய் வரவில்லை. அந்த நேரம் மேலேயிருந்து மேல்மாடி ஆங்கிலத்தைச் சொல்ல, இவர் வாயில் வந்தது வேறு எதற்கோ உரிய சீனம். மேல்மாடிக்கு என்னவோ உறுத்தியது. கரண்டை நிறுத்திவிட்டுக் கீழே ஓடி வந்து பார்த்தால், லிஃப்ட் ஒரு அடி நகர்ந்திருந்தால் கை நசுங்கியிருக்கும்.

"அன்னைக்கு இருந்து சட்டம் அண்ணி. ஜோடி தப்பா வந்தா கேள்வி கேட்காதே. கரண்ட் நிறுத்து. கீழே ஓடு. ஆளைப் பார்."

இவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், ஏதோ வேற்று மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல.

ஆக, நேற்று நான் குழியில் இருந்தேன். காலை இழுத்துக்கொண்டு, தடிகூட இல்லாமல், என்னைத் தூக்க ஓடி வந்திருக்கிறார். இந்த மனிதரிடம்தான் போன மாதம் "எங்கிட்ட சொல்ல ஒண்ணுமே இல்லையா"ன்னு கேட்டேன்.

மேல்மாடிக்கு இன்று இரண்டு முறை டீ போட்டேன். கட்டளை இடுவதற்கு முன்பே.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பயிற்சிப் பெண்ணிடம் சொன்னதும் ஒவ்வொரு சொல்லையும் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டாள். "ஒண்ணும் இல்லையா"ன்னு கேட்டாரா? நிஜமாவா? இழுத்துக் கேட்டாரா, பட்டுனு கேட்டாரா? அவள் கண்ணில் தண்ணீர். இவரைப் பார்த்து, "அங்கிள், இனி மனப்பாடம் போதும். நாம சொந்தமா பேசலாம்" என்றாள்.

இவர் யோசித்துவிட்டு, "சரி" என்றார்.

செப்டம்பர் 2

கிடைத்த சொற்கள்: தண்ணி. வலி. அப்புறம். டிவி. மகள் பெயர், பாதி. எல்லாவற்றையும்விட அதிகம் வருவது "வேணாம்". சூப் வேணாம், சட்டை வேணாம், டாக்டர் வேணாம். இத்தனை மாதம் தலையாட்டிக்கொண்டிருந்தவருக்கு இவ்வளவு வேணாம் உள்ளே இருந்திருக்கிறது.

காது குளிரக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மேல்மாடியும் இவரும் சண்டை. இவர் எதையோ சொல்ல முயல, அவர் முந்திக்கொண்டு முடித்துவிட்டாராம். இவர் மேஜையைத் தட்டி, "இரு... நான்... சொல்றேன்" என்றார். மேல்மாடி கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரால் அப்படி உட்கார முடியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். இவர் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. விஷயம் இதுதான்: எங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு சத்தம் போடுகிறது, போய்ப் பார்.

மேல்மாடி போய்ப் பார்த்தார். ஆமாம், உருளை தேய்ந்திருக்கிறதாம்.

அக்டோபர் 11, சனி

கறுப்புத் துணியும் கறுப்பு நூலும் இனி முடியாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டதால், புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தேன். பெரிய வட்டமான ஃப்ரேம், கடைக்காரப் பையன் இதுதான் இப்போது எல்லோரும் போடுவது என்று தலையில் கட்டிவிட்டான். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். இவர் பேப்பரைத் தாழ்த்திவிட்டு என்னையே பார்த்தார். நான் சும்மா நின்றேன். என்னவோ வரப்போகிறது என்று தெரிந்தது, அவசரப்படுத்தக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

"நீ..." என்றார். கொஞ்ச நேரம் போனது. "நீ... இதப் போட்டா... ஆந்தை... மாதிரி... இருக்க."

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை, பேப்பர் மடியிலிருந்து நழுவி விழுந்தது.

மகளுக்குப் போன் போட்டு அழுதுகொண்டே சொன்னேன். அவள் பயந்துவிட்டாள். புரிந்த பிறகு அவளும் அழுதாள். ஃப்ரேம் பிடிக்கவில்லை என்றால் கடையில் மாற்றித் தருவார்களே, கேளும்மா என்றாள்.

மாற்ற மாட்டேன்.